இன்டரொபரபிலிட்டி: வியாழனுக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

அட்டனிலிருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்கு மென்பொருள் பொறியியல் குறிப்பு ஒன்றைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். வெவ்வேறு ஆட்கள் கட்டிய முறைமைகள் தங்களுக்குள் தகவலைப் பரிமாறி, அதைச் சரியாகப் புரிந்தும் வேலை செய்ய முடிவதற்கு ஒரு சொல் வேண்டும். உதாரணங்கள் பாதுகாப்புத் துறையிலிருந்து எடுத்தவை. 1983இல் கிரெனடாவில் இறங்கிய அமெரிக்கத் தரைப்படையின் ரேடியோவும் கடற்படைக் கப்பல்களின் ரேடியோவும் ஒத்துப்போகாமல் திண்டாடிய கதை, அப்புறம் நேட்டோ படைக் கூட்டணியின் விமானமும் கப்பலும் தகவல் பரிமாறும் ரேடியோ வலை, லிங்க் 16. இப்போதைக்கு "இடைச்செயற்பாட்டுத்தன்மை" என்று போட்டிருக்கிறேன். வகுப்பில் வாசித்ததும் ஒரு பிள்ளை, "இன்டர்வல்ல செய்யிறதா டீச்சர்?" என்று கேட்டாள். வியாழன் காலை போட்டோகொப்பிக்குக் கொடுக்க வேண்டும்.

பதுளையிலிருந்து, திங்கள் இரவு

பிள்ளைகளுக்குச் சொல்லச் சண்டைக் கதைதானா கிடைத்தது?

பண்டாரவளையிலிருந்து, செவ்வாய் காலை

டீச்சர், அந்தப் பிள்ளைக்கு ஒரு சபாஷ். ஆங்கில முன்னொட்டைப் பிடித்து "இடை" என்று ஒட்டினால் இப்படித்தான் ஆகும். நமக்கு நன்னூலிலேயே இருக்கிறது. மணி + அடித்தான், இரண்டு உயிர் நேருக்கு நேர் நிற்கின்றன, சேர முடியாது. நடுவில் ஒரு யகரம் வருகிறது, மணியடித்தான். இகரமும் கெடவில்லை, அகரமும் கெடவில்லை. காசு + இல்லை அப்படியல்ல, உகரம் செத்தால்தான் காசில்லை. உங்கள் கணினிகளும் மணியடித்தான் மாதிரி இருக்க வேண்டுமே தவிர காசில்லை மாதிரி இருக்கக் கூடாது. இப்படி நடுவில் வரும் எழுத்துக்குப் பெயர் உடம்படுமெய், ஆகவே அதிலிருந்து "உடம்படுதிறன்". உடம்படு, உடன்படு, உடன்படிக்கை எல்லாம் ஒரு குடும்பம். நேட்டோ தன் நியமங்களுக்கு வைத்திருக்கும் பெயரே நியமப்படுத்தல் உடன்படிக்கைதானே! ஸ்டனாக் என்ற சுருக்கப் பெயரின் விரிவு அதுதான், லிங்க் 16க்கு உரியது ஸ்டனாக் 5516. நாம் வேரைத் தொட்டால் அவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள்.

கொழும்பிலிருந்து (ஊர் கொட்டகலை), செவ்வாய் மதியம்

மாஸ்டர், யகரக் கதை அருமை, உண்மையாகவே ரசித்தேன். ஆனால் நீங்கள் சொல்வது நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பி, நாங்கள் கேட்வே என்போமே, அது. டீச்சர் கேட்பது பண்பு. லிங்க் 16இல் நடுவில் யாரும் வந்து நிற்பதில்லை. ஒரு விநாடியை 128 கூறாக வெட்டி, அவரவர் கூறு வரும்போது அவரவர் பேசுகிறார்கள், லயத்துப் பைப்படியில் குடம் வரிசையில் வைத்த மாதிரி. பேசுகிற செய்தியின் வடிவமும் முன்கூட்டியே ஒப்பியது, எந்த இடத்தில் உயரம், எந்த இடத்தில் வேகம் என்று. விமானம் ஒரு நிறுவனத்தது, கப்பல் இன்னொன்றினது, உள்ளே ஓடும் மென்பொருளும் வேறு வேறு, இருந்தும் புரிகிறது. இதை ஒரே தோட்டா எல்லோர் துப்பாக்கிக்கும் பொருந்துவதோடு (7.62×51 மி.மீ.) குழப்பக் கூடாது, அதற்குப் பொதுமை என்ற சொல் போதும். "இணை" என்று தொடங்கும் சொல்லும் வேண்டாம். கம்பி இணைந்திருக்கும், ஒருவர் அடியில் சொன்னதை மற்றவர் மீற்றரில் வாசிப்பார். என் ஓட்டு: இயைந்தியங்கல்.

உடம்படுதிறன் என்றால் வகுப்பே உடம்பைப் பார்த்துச் சிரிக்கும், அது தனிக் கதை.

நானுஓயாவிலிருந்து, செவ்வாய் இரவு

எனக்கு இலக்கணம் வராது. எங்கள் ஸ்டேஷனில் இரண்டு பாதை இருந்தது, அப்பா சொல்லுவார். கொழும்பிலிருந்து வருவது 5 அடி 6 அங்குல அகலம், நுவரெலியா வழியாக ராகலைக்குப் போன சின்ன ரயில் 2 அடி 6 அங்குலம். ராகலைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டி அத்தனையும் இங்கே இறக்கி மாத்தி ஏத்தணும். 1940களோடு சின்ன ரயில் போய்விட்டது. தம்பி சொல்கிற பண்பு இல்லாத இடத்தில் ஆள் தோள்தான் இடைமுகம். டீச்சர், இதைக் குறிப்பில் போடுங்கள், சண்டையும் இல்லை.

இன்னொன்று. தோட்டத்தில் காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு யார் கலைச்சொல் கூட்டம் போட்டார்கள்? பரேட் என்று தொரை சொன்னான், நம்ம ஆட்கள் பெரட்டு என்றார்கள், இன்றைக்கு அது நம்ம சொல். இன்டரொபரபிலிட்டியையும் நாலு வருஷம் வாயில் போட்டு மெல்லவிட்டால் தானாக மசியும்.

பண்டாரவளையிலிருந்து, புதன் காலை

பெரட்டு பரேட்டிலிருந்து வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆளைத் திரட்டுவதுதானே அது, திரட்டு ஏன் பெரட்டு ஆகக் கூடாது?

கொழும்பிலிருந்து, புதன் காலை

மாஸ்டர், தகரம் எப்படிப் பகரம் ஆகும்? அதற்கும் நன்னூலில் விதி இருக்கிறதா?

அட்டனிலிருந்து, புதன் இரவு

பெரட்டை விட்டுவிடுவோம், தயவுசெய்து. பதுளை அண்ணனுக்கு: நானுஓயா ரயிலை முதல் உதாரணமாகப் போட்டுவிட்டேன். ஆனால் பாதுகாப்பு உதாரணத்தை எடுக்கவில்லை. பெட்டி மாத்தி ஏத்தினால் நேரம்தான் போகும். 2003 ஈராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியட் வான்பாதுகாப்பு ஏவுகணை ஒன்று தன் பக்கத்து பிரித்தானிய டொர்னாடோ விமானத்தையே எதிரி என்று எடுத்துச் சுட்டுவிட்டது, இரண்டு பேர் போனார்கள். யார் நம்மாள் என்று கருவிக்குக் கருவி சொல்லத் தவறினால் என்ன ஆகும் என்பது பிள்ளைகளுக்கு அதில்தான் உறைக்கிறது.

சொல்லுக்கு நாலு பேர் இயைந்தியங்கல் என்றார்கள், இரண்டு பேர் அப்படியே ஒலிபெயர்க்கச் சொன்னார்கள், மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள் போலிருக்கிறது. இயைந்தியங்கல் என்று அடித்துவிட்டேன். கேட்வேக்கு "உடம்படுத்தி" என்று போட்டிருக்கிறேன் மாஸ்டர், அது உங்களுக்காக. சிரித்தால் சிரிக்கட்டும்.

பண்டாரவளையிலிருந்து, வியாழன் அதிகாலை

போட்டோகொப்பிக்குப் போயிருக்கும், இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். இயைந்து + இயங்கல். அந்த உகரம் எங்கே டீச்சர்? ஒருவரும் கெடாமல் சேர்வதற்கு நீங்கள் எடுத்த சொல்லிலேயே ஒரு ஆள் அவுட்.