பல்ஸ் லேசர் படலத்தில் துகள் தெறிக்கிறது, வெளிச்சம் 3 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை

லாஸ்பேட்டை_மாணவி:
வணக்கம். புதுச்சேரியில் ஆய்வு மாணவி. பல்ஸ் லேசர் டெபாசிஷனில் (டார்கெட் என்கிற வில்லையை லேசரால் சுட்டு, ஆவியாகிப் பறப்பதைப் படியவைக்கும் முறை) குவார்ட்ஸ் மேல் துத்தநாக ஆக்சைடு படலம் வளர்த்து, வேவ்கைடாக, அதாவது வெளிச்சத்தைத் தனக்குள் நடத்திச் செல்லும் பாதையாக, சோதிக்கிறேன். அடுத்து கார்னெட் (பல உலோகங்கள் கலந்த ஆக்சைடு படிகம்) செய்யத் திட்டம். என்டி யாக் லேசர், 355 நானோமீட்டர், 10 ஹெர்ட்ஸ், லேசர் வாயில் 150 மில்லிஜூல். சப்ஸ்ட்ரேட் (அடியில் இருக்கும் குவார்ட்ஸ்) 500 டிகிரி. படலத் தடிமன் சுமார் 200 நானோமீட்டர். எக்ஸ்ரேயில் 002 உச்சி அழகாக வருகிறது, படிகம் நன்றாக அடுக்கியிருக்கிறது. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டை உருண்டையாகத் துகள்கள். ஹீலியம் நியான் வெளிச்சத்தை உள்ளே விட்டால் கோடு 3 மில்லிமீட்டரில் செத்துவிடுகிறது. ப்ரிஸம் வழியாக வெளிச்சத்தைப் படலத்துக்குள் ஏற்றி அளக்கும் ப்ரிஸம் கப்ளரிலும், திரும்பி வரும் வெளிச்சம் குறைகிற பள்ளம் ஒன்றே ஒன்றுதான். வெப்பநிலையை ஏற்றவா, ஆக்சிஜனை மாற்றவா?

கெடிலக்கரை:
ரெண்டையும் தொடாதேம்மா. கடலூர்க்காரன், லேசர் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் ஹீட்டர் குமிழில்தான் கை வைப்பார்கள். எக்ஸ்ரே நன்றாக இருந்தால் ஹீட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. உன் பிரச்சினை டார்கெட் பக்கம் இருக்கிறது.

150 மில்லிஜூல் என்கிறாய், புள்ளி எவ்வளவு பெரிது என்று சொல்லவில்லை. லென்ஸ், ஜன்னல் எல்லாம் தாண்டி 100 உள்ளே போகிறது என்று வை. 1 மில்லிமீட்டர் விட்டத்தில் குவித்தால் சதுர சென்டிமீட்டருக்கு 12 ஜூலுக்கு மேல். துத்தநாக ஆக்சைடுக்கு 2, 3 ஜூல் தாராளம். அதற்கு மேல் போனால் மேற்பரப்புக்குக் கீழே உருகியது கொதித்து, காய்ந்த எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்த மாதிரி தெறிக்கும். நீ பார்க்கிற உருண்டை அதுதான். லென்ஸைக் கொஞ்சம் நகர்த்திப் புள்ளியை 2 மில்லிமீட்டர் ஆக்கு, நாலில் ஒன்றாகிவிடும். டார்கெட் இருக்கும் இடத்தில் பில் அடிக்கிற தெர்மல் தாளை வைத்து ஒரு ஷாட் அடித்தால் புள்ளியின் அளவு தெரியும். சக்தியையும் சேம்பருக்கு உள்ளே அளந்து பார். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் படலம் படிந்து வெளிச்சத்தைத் தின்றுகொண்டே இருக்கும், வெளியே வைத்த மீட்டருக்கு அது தெரியாது.

அப்புறம் டார்கெட்டை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, சப்ஸ்ட்ரேட்டுக்கு முன்னால் இருக்கிற ஷட்டரை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் வீணாகச் சுடு. ஒரே தடத்தில் சுட்டுக்கொண்டே இருந்தால் லேசர் வரும் பக்கம் பார்த்துக் கூம்பு கூம்பாக முளைக்கும், ப்ளூமும் (டார்கெட்டிலிருந்து எழும் ஆவிச் சுடர்) அந்தப் பக்கமே சாயும். சுழற்றினால் மட்டும் போதாது, புள்ளி உள்ளும் வெளியும் நகர வேண்டும். 266 நானோமீட்டர் கிடைத்தால் அதற்கு மாறு. சக்தி குறையும்தான், ஆனால் வெளிச்சம் ஆழமாக இறங்காது, தெறிப்பும் குறையும்.

டார்கெட் யார் செய்தது? அடர்த்தி என்ன?

வெள்ளிக்கடற்கரை:
ஒரே பள்ளம் வருவதில் தப்பு எதுவும் இல்லை. ஒளிவிலகல் எண் குவார்ட்ஸ் கண்ணாடிக்கு 1.457, துத்தநாக ஆக்சைடுக்கு 1.99, அலைநீளம் 633 என்று போட்டால் முதல் டிஇ மோடு (படலத்துக்குள் வெளிச்சம் ஓடும் ஒரு வழி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளம்) சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் பிறக்கிறது, இரண்டாவது 283-இல். உங்கள் 200-க்கு ஒன்றுதான் வரும். ஒளிவிலகல் எண், தடிமன் இரண்டும் சேர்ந்து கிடைக்க இரண்டு மோடு தேவை. 400-க்கு வளர்த்துப் பாருங்கள். சபையர் மேல் வளர்த்தால் இரண்டாவது மோடுக்கே 450-ஐத் தாண்ட வேண்டும்.

ஆரோவில்_சாலை:
இதற்கு எதற்கு லேசர்? ஸ்பட்டரிங்கில் (அயனிகளால் டார்கெட்டை இடித்து அணுக்களைப் பெயர்க்கும் முறை) போட்டால் துகளே வராதே.

கெடிலக்கரை:
துத்தநாக ஆக்சைடுக்கு நீங்கள் சொல்வது சரி சார். இந்தப் பெண் கார்னெட்டுக்குப் போகிறாள். டார்கெட்டில் இருக்கிற கலவை ஏறத்தாழ அப்படியே படலத்துக்கு வருவதுதான் இந்த முறையின் பலம். 1987-இல் வெங்கடேசன் குழு ஒய்பிசிஓ (இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு) மீக்கடத்திப் படலத்தை இப்படி வளர்த்துக் காட்டிய பிறகுதான் உலகமே இதைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் காலியம் இருக்கிற கார்னெட் என்றால் காலியம் கொஞ்சம் ஓடிப்போகும், டார்கெட்டிலேயே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லாஸ்பேட்டை_மாணவி:
நன்றி ஐயா. டார்கெட் எங்கள் லேபிலேயே அழுத்தி 900 டிகிரியில் சுட்டது. விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 4, எடை 5.4 கிராம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.3 கிராம் வருகிறது.

கெடிலக்கரை:
முழு அடர்த்தி 5.6. உன்னுடையது 77 சதவீதம்தான், அதனால் உருகித் தெறிப்பதோடு துண்டாகவும் பெயர்ந்து வருகிறது. உருண்டை இல்லாமல் கோணல்மாணலாக இருக்கிற துகள்கள் அவைதான். பொடியை நன்றாக அரைத்து மறுபடி அழுத்து. பைண்டர் (பொடியை ஒட்டவைக்கும் பசை) போட்டிருந்தால் 500 டிகிரியில் மெதுவாக எரியவிட்டு, அப்புறம் 1200-க்கு ஏற்று. 90 சதவீதம் தாண்டினால் போதும். மழைக்காலம் வேறு, ராத்திரி ஃபர்னஸ் ஓடும்போது கரண்ட் போனால் டார்கெட் வில்லை விரிசல் விடும். பகலில் ஆளை வைத்து ஓட்டு.