ஆற்றோரக் கப்பிப் பாதைக்குத் தார் வேண்டுமா?

சரளைவழி:
ஒன்பது வருடமாக நான் சைக்கிள் ஓட்டும் பாதை ஒன்று இருக்கிறது. ரயில் நின்றுபோன பழைய தடம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுக் கப்பியும் கல்தூளும் பரப்பி ரோலர் ஓட்டியிருக்கிறார்கள். 26 கிலோமீட்டர், பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றின் கூடவே போகிறது. இப்போது அதை முழுக்கத் தார்ப்பாதை ஆக்கப் போவதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். கருத்துச் சொல்ல இந்த மாதக் கடைசி வரை நேரம். வேண்டாம் என்று எழுதப் போகிறேன். நீங்களும் எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்தத் திரி.

என் முதல் கவலை வேகம். 40 மி.மீ. டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று வைத்துக்கொண்டு இந்தக் கப்பியில் போனால் எனக்கு மணிக்கு 18, 20 கி.மீ. தான் வரும். அதே மிதிக்குத் தாரில் 25ஐத் தாண்டிவிடும். இரண்டரை மீட்டர் அகலப் பாதையில் அது பெரிய வித்தியாசம். இப்போது முன்னால் நடப்பவர்களுக்கு டயர் கப்பியை நெரிக்கும் சத்தம் முன்கூட்டியே கேட்டுவிடுகிறது. மணி அடிக்க வேண்டியதில்லை. தாங்களே ஓரமாக ஒதுங்குவார்கள், ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். போன வாரம் ஒரு வளைவில் நாரை பாதை ஓரத்திலேயே நின்றது. காலை ஊன்றி நின்றுவிட்டேன். கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது, பிறகு மறுபடியும் தண்ணீரில் கண் வைத்துவிட்டது. இந்த அமைதி போய்விட்டால் திரும்ப வராது.

மூன்றாம்கியர்:
கட்டாயம் எழுதுகிறேன், ஆனால் தார் வேண்டும் என்று.

நீங்கள் அங்கே போவது ஞாயிறு காலைகளில் என்று நினைக்கிறேன். நான் வாரத்தில் ஐந்து நாள் அதே மாதிரி ஒரு பாதையில்தான் வேலைக்குப் போகிறேன். மழை பெய்தால் சுண்ணாம்புக்கல் தூள் சாம்பல் நிறப் பசையாகிவிடும். அது செயினில் ஏறி, பல்சக்கர இடுக்கில் அப்பி, பிரேக்கில் கரகரவென்று அரைக்கும். வீட்டுக்கு வந்ததும் வாளித் தண்ணீரும் பிரஷ்ஷுமாக அரை மணி நேரம் போகிறது. காய்ந்துவிட்டால் சிமென்ட் மாதிரி சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு குளிர்காலத்தில் இரண்டு செயின் மாற்றியிருக்கிறேன்.

ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றங்கரையில் பாசாவிலிருந்து வியன்னா வரை போகும் சைக்கிள் பாதையைப் பாருங்கள். அதில் பெரும்பகுதி தார்தான். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், குழந்தைகளும் எழுபது வயதுக்காரர்களும் பையை மாட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே ஆறு ஓடாமல் நின்றுவிட்டதா? கப்பிப் பாதைக்கென்றே அகல டயரோடு செய்த கிராவல் சைக்கிள் வாங்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் பள்ளத்தாக்கு என்றால் எனக்குச் சம்மதமில்லை.

சரளைவழி:
இந்தப் பாதைக்குக் கிராவல் சைக்கிளே தேவையில்லை. ரயில் தடம் என்பதால் ஏற்றம் நூற்றுக்கு இரண்டைத் தாண்டாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அதற்கு மேல் ஏறச் சிரமப்படும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள். வீட்டில் கிடக்கும் பழைய சைக்கிளில் 38 மி.மீ. டயர் போட்டாலே தாராளமாகப் போகலாம். மழைக்கால அழுக்கு உண்மைதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

டான்யூப் வேறு கதை. அங்கே அந்தக் கூட்டத்தைத் தாங்கும் அகலமும் வசதியும் ஏற்கெனவே இருக்கின்றன. கூட்டம் வந்த பிறகு போடும் தாரும், கூட்டத்தை வரவழைக்கப் போடும் தாரும் ஒன்றில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் தடம் 152 கி.மீ., கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை, இன்றும் கப்பிதான். ரயில் நின்று 2000த்தில் பாதை திறந்த பிறகு வழியிலுள்ள சின்னச் சின்ன ஊர்களில் தங்கும் விடுதிகள் வந்தன. ஆட்கள் வருவதற்குத் தார் தேவைப்படவில்லை.

மதகடி:
சரளைவழி பக்கம் ஒரு பழைய கதை சொல்கிறேன். அமெரிக்காவில் பொட்டோமாக் ஆற்றை ஒட்டி செசபீக் – ஒகையோ கால்வாயின் கரை இருக்கிறது, கிட்டத்தட்ட 297 கி.மீ. ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. 1924 வெள்ளத்துக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்றது. 1950களில் அந்தத் தடத்தின் மேல் கார் சாலை போட ஒரு திட்டம் வந்தது, வாஷிங்டனின் பெரிய பத்திரிகையும் அதை ஆதரித்து எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அந்த ஆசிரியர்களைப் பார்த்து, என்னோடு நடந்து பாருங்கள் என்றார். 1954 மார்ச்சில் நடந்தார்கள், டக்ளஸும் இன்னும் சிலரும் முழுத் தூரமும் நடந்து முடித்தார்கள். பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது, இன்று சைக்கிள் ஓட்டுபவர்கள் அதே மண்ணில் போகிறார்கள். அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை என்றால் இன்றைக்கு அங்கே கார்தான்.

மூன்றாம்கியர்:
நல்ல கதை. ஆனால் அது காரைத் தடுத்த கதை. சைக்கிளும் சக்கர நாற்காலியும் போக மூன்று மீட்டர் தார் போடுவதை அதோடு சேர்க்காதீர்கள்.

ரோலர்காரர்:
கிராமச் சாலைகளில் 20 வருடம் வேலை பார்த்தவன். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள்: தண்ணீர்.

பள்ளத்தாக்கின் அடியில் போகும் பாதையில் வெள்ளம் ஏறத்தான் செய்யும். கப்பிப் பாதையில் ஏறினால் மேல்தூளை அரித்துக்கொண்டு போகும், சில இடத்தில் பள்ளம் பறிக்கும். நாலு லோடு கல், ஒரு ரோலர், சில நாள் வேலை. தாரில் வெள்ளம் ஓரத்து மண்ணை அடியிலிருந்து குடைந்துவிடும். மேலே பார்த்தால் பாதை முழுசாகத் தெரியும், உள்ளே பொந்து. ஒரு நாள் பாளம் பாளமாக உடைந்து ஆற்றுப் பக்கம் சாயும். அமெரிக்காவில் மிசூரி ஆற்றங்கரையில் போகும் கேட்டி தடத்தை, அதுவும் பழைய ரயில் தடம்தான், 1993 பெருவெள்ளம் பல கிலோமீட்டருக்குச் சிதைத்தது. சரிசெய்தபோது மறுபடியும் சுண்ணாம்புக்கல் தூள்தான் போட்டார்கள். அப்புறம் ஆற்றோர மரங்களின் வேர். தாரை ஏழெட்டு வருடத்தில் வரப்பு மாதிரி தூக்கிவிடும், அதில் சைக்கிள் ஏறி இறங்கும்போது முதுகு சொல்லும்.

ஆனால் சரளைவழி, கப்பிப் பாதை சும்மா கிடந்தால் கெட்டுப்போகும். நடுவில் மேடும் இருபக்கம் சரிவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பாதையிலேயே படுத்துக்கொள்ளும். குழாய்ப் பாலங்களில் அடைத்த இலையை மழைக்கு முன்னால் எடுக்க வேண்டும். கல்லும் முக்கியம். ஆற்றுக் கூழாங்கல் போட்டால் ஒன்றோடொன்று பிடிக்காது, உருண்டையாக இருப்பதால் சக்கரத்துக்கு அடியில் நழுவும். உடைத்த கல்லின் முனைகள் ஒன்றில் ஒன்று மாட்டி, தூள் இடுக்கை நிரப்பி, ஈரத்தோடு ரோலர் ஓடினால்தான் தரை போல இறுகும். உங்கள் கடிதத்தில் தார் வேண்டாம் என்று மட்டும் எழுதினால் பணம் வேறு வேலைக்குப் போய்விடும். அதே பணத்தில் வருடா வருடம் இதையெல்லாம் செய்யுங்கள் என்று கேளுங்கள்.

மதகடி:
தார் போட்டால் மோட்டார் பைக்கும் வரும். அதைத் தடுக்க நுழைவாயிலில் இன்னும் இரண்டு கம்பி நடுவார்கள்.

கைச்சக்கரம்:
அந்தக் கம்பியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி என்னுடையது. படுத்த மாதிரி உட்கார்ந்து ஓட்டுவேன், இழுப்பது முன் சக்கரம். இந்தத் திரியில் என்னைப் போன்றவர்களுக்காகத் தார் வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார், அதற்கு நன்றி. ஆனால் எனக்கு வழியை அடைப்பது பெரும்பாலும் கப்பி இல்லை. ரோலர்காரர் சொன்ன மாதிரி இறுகிய தூளில் நான் 40 கி.மீ. போய் வந்திருக்கிறேன். புதிதாகக் கொட்டிவிட்டு ரோலர் ஓட்டாமல் விட்டுப் போனால்தான் முன் சக்கரம் புதைந்து சுற்றும், சின்ன ஏற்றத்தில்கூட நகராது. அப்போது என்னால் இறங்கித் தள்ள முடியாது. யாராவது வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் அப்படி இருந்திருக்கிறேன்.

அதனால் சரளைவழிக்கு ஒரு வார்த்தை. கப்பியாகவே இருக்கட்டும் என்று நீங்கள் கேட்கும்போது, எந்த நிலையில் இருக்கும் கப்பி என்பதையும் எழுதுங்கள். உங்களுக்கு அது அமைதியா இல்லையா என்ற கேள்வி. எனக்கு அது வீடு திரும்புவேனா என்ற கேள்வி.

பைக்கைத் தடுக்க வைக்கும் இரும்புத் தடுப்பு அதைவிட மோசம். தார்ப்பாதைகளிலும் அது இருக்கிறது. 26 கிலோமீட்டர் வழுவழுப்பான பாதை போட்டுவிட்டு வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பினால் எனக்கு அந்தப் பாதை இல்லை.

மூன்றாம்கியர்:
உங்களிடம் கேட்காமல் உங்களுக்காகப் பேசிவிட்டேன், தவறுதான். தடுப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஆனாலும் என் கருத்தை முழுக்க விடவில்லை. பள்ளிக்கூடமும் வேலையிடமும் இருக்கும் முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்குத் தார் கேட்டுத்தான் எழுதுவேன். தினமும் மழையில் போகிறவர்களை நினைத்துச் சொல்கிறேன்.

சரளைவழி:
அந்த முதல் ஐந்தாறு கிலோமீட்டரிலும் நான் உங்களுக்கு எதிராகத்தான் எழுதுவேன் நண்பரே. அங்கேதான் நடப்பவர்கள் அதிகம். ஆனால் தடுப்புகளை மாற்ற வேண்டும் என்பதை இருவரும் எழுதலாம். என் கடிதத்தில் அது முதல் பத்தியில் வரும், வருடாந்தரப் பராமரிப்பு இரண்டாவதில்.

நேற்று மாலை போய் அளந்தேன். பாதை ஆற்றை ஒட்டிப் போகும் பகுதிக்குள் மொத்தம் ஏழு தடுப்புகள். ஒவ்வொன்றையும் நான் ஒன்பது வருடமாக ஹேண்டில்பாரை லேசாகச் சாய்த்துத் தாண்டிக்கொண்டிருக்கிறேன், இத்தனை இருப்பது நேற்றுதான் தெரிந்தது. இடைவெளி 70 செ.மீ., சிலவற்றில் 65. கைச்சக்கரம், உங்கள் வண்டியின் அகலம் எவ்வளவு?

கைச்சக்கரம்:
78. ஆனால் அகலத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். வண்டியின் நீளம் 2 மீட்டருக்கு மேல். இடைவெளியை அகலப்படுத்தி, வளைந்து நுழையும் மாதிரி இரண்டு கம்பியை முன்னும் பின்னும் வைத்தால் நடுவில் மாட்டிக்கொள்வேன். நேராக உள்ளே போக வேண்டும். அப்படியே எழுதுங்கள்.