கொல்கத்தா டெர்பிக்கு போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மக்களே ஒரு ஹெல்ப். கொல்கத்தாவோட ரெண்டு பெரிய ஃபுட்பால் டீம் மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் மோதுற டெர்பி மேட்ச் பாக்க அப்பாவோட சால்ட் லேக் ஸ்டேடியம் போறேன், டிக்கெட்லாம் போட்டாச்சு, ஆனா 1980 ஆகஸ்ட் 16 ஈடன் கார்டன்ஸ்ல இதே டெர்பில கேலரில அடிதடி ஆகி 16 பேர் செத்ததை எங்கயோ படிச்சிட்டு அம்மா ஒரே புலம்பல். இப்பல்லாம் ரெண்டு பக்க ரசிகர்களையும் தனித்தனியாதான் உக்கார வைக்கிறாங்கன்னு சொன்னாலும் கேக்கல. 2024 ஆகஸ்ட்ல பாதுகாப்புக்கு போலீஸ் இல்லன்னு டுராண்ட் கப் டெர்பியையே கேன்சல் பண்ணாங்கல்ல, அதையும் பாத்துட்டாங்க (அன்னைக்கு ரெண்டு டீம் ரசிகர்களும் ஒண்ணா ரோட்ல எறங்கி போராடுனாங்க, செம இல்ல?).

அப்பாவுக்கு முட்டி வலி, எந்த கேட்ல படி கம்மி? தண்ணி பாட்டில், பவர் பேங்க் விடுவாங்களா? விசில் அடிச்சதும் மெட்ரோவுக்கு ஓடணுமா, இல்ல கூட்டம் வடியிற வரை சீட்லயே இருந்துக்கலாமா? முக்கியமா, டிக்கெட் மோகன் பகான் சைடு, அப்பாகிட்ட இருக்குறதோ ஈஸ்ட் பெங்கால் கலர்ல சிவப்பு மஞ்சள் டீசர்ட், அதைத்தான் போடுவேன்னு அடம் புடிக்கிறாரு, பிரச்சனை ஆகுமா? போனவங்க சொன்னா கேப்பாரு, கமெண்ட்ல போடுங்க, அப்படியே காட்டிடுறேன்.