மேஸ் ரன்னர்: மூணு படமும் பார்த்தாச்சு, புத்தகத்தை எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பாமணிக்கரை:
தங்கச்சி பிளஸ் ஒன் படிக்கிறா, மன்னார்குடி, தமிழ் மீடியம். மேஸ் ரன்னர் படம் மூணும் பார்த்துட்டு இப்ப நாவலைப் படிக்கணும்னு நிக்கிறா. இங்கிலீஷ்ல முழுசா ஒரு நாவல் படிக்கிறது இதுதான் முதல் தடவை. எனக்குச் சில சந்தேகம்.

முதல் படத்தோட கதை தெரியும்கிறதால ரெண்டாவது புத்தகத்துலேருந்து ஆரம்பிக்கலாமா? கடையில அஞ்சு புத்தகம் சேர்த்து ஒரு பெட்டியா விக்கிறாங்க, படமோ மூணுதான். மீதி ரெண்டு என்ன? அவ ஒரு மாதிரிப் பக்கம் படிச்சுப் பார்த்தப்ப அகராதியில இல்லாத வார்த்தையா வந்துச்சாம். இது அவளுக்குத் தாங்குமா? இந்தப் பக்கம் புத்தகம் எங்க கிடைக்கும்?

வெண்ணாறு:
ரெண்டாவதிலிருந்து வேண்டவே வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

முதல் படம் (2014) புத்தகத்தின் (2009) எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு சதையை மாற்றியிருக்கிறது. இரண்டாவது படம் (2015) எலும்பையே மாற்றிவிட்டது. முதல் பாகத்தில் பையன்களை மேஸ் என்ற சுவர்ப் புதிர்ப்பாதைக்கு நடுவே அடைத்துச் சோதிக்கிறார்கள். புத்தகத்தில் இரண்டாம் பாகமும் ஒரு சோதனைதான். பையன்களைப் பாலைவனத்தில் விட்டு, 2 வாரத்துக்குள் 100 மைல் கடக்கச் சொல்கிறார்கள். படத்தில் அந்தக் கெடுவே கிடையாது, ஒரு கட்டடத்திலிருந்து தப்பி ஓடுகிறார்கள். 2018-இல் வந்த மூன்றாவது படம் அந்த மாறிய பாதையிலேயே தொடர்கிறது. ஆக, படத்தை நம்பி இரண்டாம் புத்தகத்தைத் திறந்தால் காலடியில் தரை இருக்காது.

முக்கியமான ஒன்று. புத்தகத்தில் கதாநாயகன் தாமஸும் தெரசா என்ற பெண்ணும் வாய் திறக்காமல் மனத்துக்குள் பேசிக்கொள்வார்கள். முதல் படத்தில் இதை அடியோடு எடுத்துவிட்டார்கள். இரண்டாம் புத்தகமோ முதல் பக்கத்திலேயே தெரசா அவன் மண்டைக்குள் பேசுவதில்தான் தொடங்குகிறது. முதல் புத்தகம் படிக்காதவருக்கு அது கனவா, பேயா, அச்சுப்பிழையா என்றே புரியாது.

வரிசை: முதலில் மூன்று பாகம் (2009, 2010, 2011). பெட்டியில் இருக்கும் மற்ற இரண்டும் முன்கதை. 'த கில் ஆர்டர்' 2012-இல் வந்தது. மேஸுக்குப் பல வருடம் முன்னால், சூரிய வெப்பத்தில் உலகம் கருகிய காலத்தில் நடப்பது. தாமஸும் தெரசாவும் தலைகாட்டுவதோடு சரி, முக்கியமானவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். 'த ஃபீவர் கோட்' 2016-இல் வந்தது, மேஸ் எப்படிக் கட்டப்பட்டது என்ற கதை. பெட்டியில் 4, 5 என்று எண் போட்டிருப்பதால் பலரும் தொடர்ச்சி என்று நினைத்து, மூன்றாம் பாகம் முடித்த கையோடு எடுத்து ஏமாறுகிறார்கள். காலவரிசைப்படி படிக்கிறேன் என்று முன்கதையில் ஆரம்பிப்பதும் தப்பு. முதல் புத்தகத்தின் மொத்த இன்பமும் 'இது என்ன இடம், யார் கட்டியது' என்று தெரியாமல் தவிப்பதில்தான் இருக்கிறது. படம் அதில் பாதியை ஏற்கெனவே தின்றுவிட்டது, மீதியையாவது விட்டு வையுங்கள்.

இப்போதைக்கு முதல் புத்தகம் ஒன்று மட்டும் வாங்குங்கள். பெட்டி வேண்டாம்.

அரசலாறு:
அகராதியில இல்லாத வார்த்தை பத்திக் கேட்டிருக்கீங்க. சொல்லப்போனா அகராதியில இல்லாதது பிரச்சினையே இல்ல. அகராதியில *வேற அர்த்தத்தோட* இருக்கிறதுதான் பிரச்சினை.

கிளேட்ல, அதாவது மேஸுக்கு நடுவுல இருக்கிற திடல்ல, வாழுற பையன்க தங்களுக்குன்னு ஒரு கொச்சை வச்சிருக்காங்க. படத்துல 'க்ரீனி' (புதுசா வந்தவன்) மாதிரி அங்கொண்ணும் இங்கொண்ணுமா விட்டுட்டு மிச்சத்த வெட்டிட்டாங்க. புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் வரும். 'ஷாங்க்'னு தேடினா முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு, ஆட்டுக்கால்னு வரும். இங்க அது 'டேய் பயலே' மாதிரி, திட்டுறதுக்கும் ஆகும் செல்லத்துக்கும் ஆகும். 'ஷக்'னா சோளத்த உரிக்கிறதுன்னு வரும், இங்க அது கெட்ட வார்த்தை இருக்க வேண்டிய இடத்துல வர்ற வார்த்தை. 'ஸ்லிம்'னா ஒல்லின்னு வரும், 'ஸ்லிம் இட்'னு ஒருத்தன் சொன்னா 'அடங்கு, பதறாத'ன்னு அர்த்தம். 'குட் தட்'னா 'சரி, ஆகட்டும்'. 'க்ளங்க்'னா மலம். சட்டில விழுற சத்தத்த வச்சு வந்த பேருன்னு சக்ங்கிற பையன் தானே சொல்லுவான், அதுக்கு அகராதி தேவையில்ல.

வேலைப் பேருங்களும் அப்படித்தான். 'ட்ராக்-ஹோ'ன்னு தேடினா மண்ணு அள்ளுற பொக்லைன் படம் வரும். கதையில அவங்க கொல்லையில களை பறிச்சு, செடி நட்டு, கொத்திக் கிளர்ற பையன்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு இத விளக்கவே வேண்டாம். 'ஸ்லைசர்' ஆடு மாடு அறுக்கிறவன், 'ஸ்லாப்பர்' கழுவித் துடைக்கிறவன், 'ப்ரிக்நிக்' கட்டட வேலை, 'மெட்-ஜாக்' வைத்தியம், 'பேகர்' காவல், பொணத்தையும் அவன்தான் பார்த்துக்கணும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு 'கீப்பர்', மேஸ்திரின்னு வச்சுக்குங்க.

செய்ய வேண்டியது: ஒரு ஏ4 தாள நாலா மடிச்சுப் புத்தகத்துக்குள்ள வைங்க, அதுவே பக்க அடையாளம். இந்த மாதிரி வார்த்தை வந்தா உடனே அர்த்தம் தேட வேண்டாம். யாரு, யாருகிட்ட, கோவமா சிரிப்பா, இத மட்டும் தமிழ்ல எழுதட்டும். மூணாவது தடவை வரும்போது அர்த்தம் தானா விழும். முதல் பத்து அத்தியாயத்துல பதினஞ்சு இருபது வார்த்தை சேரும், அதுக்கப்புறம் புதுசு ரொம்பக் கொறச்சல். கொச்சையத் தள்ளிட்டா மத்த இங்கிலீஷ் லேசுதான். கடைசி வரைக்கும் தாமஸ் ஒருத்தன் கண்ணு வழியாத்தான் கதை போகும், ஆள் மாறாது.

டிகிரி காபி:
முதல் பதினஞ்சு அத்தியாயத்தத் தாண்டிட்டு நேரா தாமஸ் மேஸுக்குள்ள ஓடுற இடத்துக்குப் போகச் சொல்லுங்க. அதுவரைக்கும் அவன் கேள்வி கேப்பான், எவனும் பதில் சொல்ல மாட்டான். படம் பார்த்தவங்களுக்குப் பதில் தெரியும், கடுப்பாகும்.

வெண்ணாறு:
டிகிரி காபி சொல்லும் கடுப்பு உண்மை. அவன் கதவுக்குள் பாய்வதற்குள் புத்தகத்தில் கால்வாசி போய்விடும். ஆனால் தாண்டக் கூடாது. படம் மாற்றிப் போட்டவை அந்தக் கால்வாசியில்தான் நிறைய இருக்கின்றன.

படத்தில் தாமஸ் மேஸில் ஒரு ராத்திரி கழித்துத் திரும்பிய பிறகே தெரசா வருவாள். புத்தகத்தில் அவன் வந்த மறுநாளே வந்துவிடுகிறாள், வந்ததும் பல நாள் நினைவில்லாமல் கிடக்கிறாள். அந்த இடத்தைத் தாண்டினால், அவன் ஏன் அந்தப் பெண்ணை நினைத்தே பயப்படுகிறான் என்பது புரியாது. சுவரில் ஊரும் உலோகப் பூச்சிகளும் அங்கேதான் அறிமுகம். அவைதான் இவர்களை வேவு பார்க்கும் கண்கள்.

பொன்னியின் செல்வன் படத்தை (2022) பார்த்துவிட்டு, போர்க்களம் எங்கே என்று தேடிக்கொண்டே கல்கியைத் திறந்தவர்கள் எத்தனை பேர்! கதையோ ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் மெல்ல வருவதில் தொடங்குகிறது. அந்தக் கரையைத் தாண்டிப் போய்விட்டு 'கதை புரியலை' என்றால் கல்கி என்ன செய்வார்? மணிமேகலையைப் படத்தில் காணோம் என்பதற்காக அவள் வரும் அத்தியாயங்களைத் தள்ளிவிட முடியுமா?

கடுப்புக்கு வேறு மருந்து உண்டு. முதல் பத்து அத்தியாயம் படிக்கும்போது 'படத்தில் இப்படி இல்லையே' என்று தோன்றுவதை எல்லாம் தாளின் பின்பக்கத்தில் ஒரு வரியாகக் குறிக்கட்டும். தெரிந்த கதையைப் படிக்கும் சலிப்பு போய், துப்பறியும் வேலையாகிவிடும். மேஸுக்குள் திரியும் கொடூர ஜந்துவான கிரீவர் சாகும் இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். படத்தில் மூடும் சுவர்களுக்கு நடுவே சிக்கி நசுங்கும். புத்தகத்தில் மேஸுக்கு ஒரு விளிம்பு உண்டு, பாதாளம். தாமஸும், மேஸுக்குள் ஓடி வழி தேடும் மின்ஹோவும் விளிம்பில் நின்று கடைசி நொடியில் ஒதுங்க, வந்த வேகத்தில் கிரீவர்கள் பாதாளத்துக்குள் போகும். இந்த மாற்றம் சண்டைக் காட்சியோடு நிற்பதில்லை. வெளியே போகும் வழியும் அந்த விளிம்பிலேயே இருப்பதால், அதை மனத்தில் வாங்கிக்கொள்ளாதவருக்குக் கடைசிப் பகுதி குழம்பும்.

புலப்படம்:
மேஸ் வரைபட விஷயம் யாரும் சொல்லலை. படம் பார்த்தவர் புத்தகத்தில் தடுக்கி விழும் இடம் அதுதான். விடையைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்கிறேன்.

படத்தில் மின்ஹோ குச்சிகளால் மேஸின் மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருப்பான், மேஸ் முழுக்க ஏற்கெனவே அளந்தாயிற்று, பகுதிகள் ஓர் எண் வரிசையில் திறக்கும், அந்த எண்களே சங்கேதம். புத்தகத்தில் எண்ணே கிடையாது. மேஸ் 8 பகுதி. சுவர்கள் ராத்திரியில் இடம் மாறும். ரன்னர்கள் தினம் ஓடிவிட்டு வந்து, அவரவர் பகுதியை அன்றைக்கே தாளில் வரைந்து பெட்டியில் போடுவார்கள். இப்படி 2 வருட வரைபடம் சேர்ந்து கிடக்கிறது. ஒரே பகுதியின் நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அவர்கள் இத்தனை நாளும் ஒப்பிட்டார்கள். அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை.

தாமஸ் செய்வது வேறு. ஒரே நாளின் 8 பகுதிகளையும் மெழுகுத்தாளில் படியெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலிருந்து பார்க்கிறான். சர்வேயர் டிரேசிங் தாளில் பழைய புலப்படத்தையும் புதியதையும் மேலே மேலே வைத்து வரப்பு எங்கே நகர்ந்தது என்று பார்ப்பாரே, கிட்டத்தட்ட அதுதான். வித்தியாசம் ஒன்று: சர்வேயர் ஒரே வயலின் இரண்டு காலத்தை அடுக்குவார், இவன் ஒரே காலத்தின் எட்டு வயலை அடுக்குகிறான். நாளுக்கு ஒன்றாக ஏதோ ஒன்று தெரியும். அது என்ன என்பதைத் தங்கை படித்துக்கொள்ளட்டும்.

அந்த அத்தியாயம் வரும்போது வெண்ணெய்த்தாளில் எட்டுச் சதுரம் வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு கோடு கிறுக்கி அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். வாசிப்பில் மூன்று பக்கம் திணறுவது மிச்சம்.

குடமுருட்டி:
புத்தகம் கிடைக்கிற விஷயம். நூலகம்னா தஞ்சாவூர் மாவட்ட மைய நூலகத்துல தேடிப் பாருங்க. 'இங்கிலீஷ் நாவல் இருக்கா'ன்னு கேட்டா இல்லன்னு பதில் வரும். தலைப்பும் ஜேம்ஸ் டாஷ்னர்ங்கிற பேரும் சீட்டுல எழுதிக் குடுங்க, சிறுவர் பகுதியையும் பார்க்கச் சொல்லுங்க, இந்த வகைப் புத்தகம் அங்கதான் போய் உக்காந்திருக்கும். யாரோ சொன்னாங்கன்னு சரசுவதி மகாலுக்குப் போயிடாதீங்க, அது சுவடி நூலகம். மாட்டு வண்டியில புத்தகம் ஏத்தி 1931லயே ஊர் ஊரா அனுப்பின மன்னார்குடிக்காரருக்கு நான் நூலகத்துக்கு வழி சொல்றேன், காலக் கொடுமை.

வாங்குறதா இருந்தா நடைபாதைப் பிரதியில கவனம். அதுல ஒரு பாரம், அதாவது 16 பக்கம், விட்டுப்போயிருக்கும், இல்லன்னா ரெண்டு தடவை வந்திருக்கும். கடையிலேயே புரட்டிப் பாருங்க: அத்தியாயம் 1 முதல் 62 வரைக்கும், அதுக்கப்புறம் சின்னதா ஒரு பின்னுரை. பின்னுரை இல்லாத பிரதிய வாங்கக் கூடாது, கடைசித் திருப்பமே அதுலதான். அட்டையில சினிமா நடிகர் படம் போட்ட பதிப்பும் ஒண்ணுதான், உள்ள கதை மாறாது. எது விலை குறைவோ அத எடுங்க.

உறையூர் வாசி:
இங்கிலீஷ் மிரட்டினால் நடுவில் ஒரு வாரம் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படிக்கட்டும். ரெண்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்கக் கூடாது, எத்தனை வயதுவரை வாழலாம் என்பதையும் அரசாங்கமே சொல்லும் என்ற உலகம். மேலே இருப்பவன் விதி போட, கீழே இருப்பவர் காரணம் தெரியாமல் அதன்படி வாழும் கதை எப்படி நகரும் என்று தமிழில் பிடிபட்டுவிட்டால், கிளேடின் சட்டதிட்டம் குழப்பாது.

பாமணிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. முதல் புத்தகம் மட்டும் வாங்கறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு படிச்சா சரியா இருக்கும்? காலாண்டுத் தேர்வுக்குள்ள முடிக்கணும்கிறா. முதல் நாளே அம்பது பக்கம்னு கணக்குப் போட்டு வச்சிருக்கா.

அரசலாறு:
அம்பது பக்கக் கணக்கு மூணாம் நாள் படுத்துடும். 62 அத்தியாயம், சராசரி ஆறு பக்கம்தான். முதல் பத்து அத்தியாயம் நாளைக்கு ரெண்டு, அது அஞ்சு நாள். கொச்சை பழகறதுக்கு அந்த வேகம்தான் சரி. மீதி 52ம் நாளைக்கு மூணு, பதினெட்டு நாள் ஆகும். மொத்தம் 23 நாள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியோட முடியும், அதனால நிறுத்தணும்னா அத்தியாயத்தோட கடைசி வரியில நிறுத்தாம அடுத்ததுல ஒரு பக்கம் படிச்சிட்டு நிறுத்தட்டும். இல்லன்னா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்ட அணைக்க மாட்டா, காலையில உங்கம்மா என்னைத் திட்டுவாங்க.

பாமணிக்கரை:
ஏ4 தாள மடிச்சுட்டா. முதல் வார்த்தையா 'ஷாங்க்'ன்னு எழுதி வச்சிருக்கா, பக்கத்துல 'அண்ணன்'னு.