திப்புவின் கூடாரத்தைக் கொண்டுவந்தது எந்தக் கிளைவ்?

பழஞ்சுவடி:
வேல்ஸ் போகிறவர்களுக்கு நேற்று இங்கே ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்: "வெல்ஷ்பூல் பக்கத்தில் போவிஸ் கோட்டையைப் பாருங்கள், ராபர்ட் கிளைவ் கொண்டுவந்த திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. மற்ற ஊர்களில் நேரத்தை வீணாக்காதீர்கள்." படித்ததும் எரிச்சல் வந்தது. ராபர்ட் கிளைவ் இறந்தது 1774இல். திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது 1799இல். கூடாரத்தை எடுத்துச் சென்றவர் அவருடைய மகன் எட்வர்ட், அப்போது சென்னை கவர்னர்.

கடலோடி:
அதை எழுதியவன் நான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். ராபர்ட் சேர்த்த பொருள்களும் அங்கேதான் இருக்கின்றன. அப்பன் சொத்து இல்லாமல் மகனுக்குக் கவர்னர் பதவி ஏது?

பழஞ்சுவடி:
பதவியைப் பற்றி யார் கேட்டார்கள்? கூடாரத்தைப் பற்றிக் கேட்டேன். எட்வர்ட் 1784இல் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். போவிஸ் அவளுடைய பிறந்த வீடு. அந்தச் சம்பந்தம் இல்லாவிட்டால் கிளைவ் குடும்பத்துப் பொருள் எதுவும் அங்கே போயிருக்காது. 1774, 1799. கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

மேட்டுத்தெரு:
கூடாரம் கிடக்கட்டும். மற்ற ஊர்கள் வீண் என்றாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கான்வியில் பழைய நகர மதிலின் மேல் நடக்கலாம். மதிலுக்குள்ளேயே பிளாஸ் மௌர், ராபர்ட் வின் 1576 முதல் 1585 வரை கட்டிய வீடு. அதன் சுதை வேலைப்பாட்டைப் பார்த்தவர் இப்படி எழுதமாட்டார். ரெக்ஸம் அருகே எர்டிக் மாளிகையில் வேலைக்காரர்களுக்கு உருவப்படம் தீட்டி, அவர்களைப் பற்றிப் பாட்டும் எழுதி மாட்டியிருக்கிறார்கள். வேறு எந்தச் சீமான் செய்தான்?

கடலோடி:
பாட்டு எழுதினால் கூலி கூடிவிடுமா? பாங்கர் பக்கத்துப் பென்ரினைப் பாருங்கள். ஜமைக்கா அடிமைகளின் உழைப்பும் கற்பலகைச் சுரங்கமும் கட்டிய மாளிகை அது. 1900 முதல் 1903 வரை அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தார்கள். சீமான்களின் பெருமையை என்னிடம் பேசாதீர்கள்.

மேட்டுத்தெரு:
நேற்று கிளைவ் வீட்டைப் புகழ்ந்தவர் இன்று தொழிலாளர் பக்கமா? சென்ற ஆண்டு எலிஹு யேலின் கல்லறை அமெரிக்காவில் இருக்கிறது என்று மூன்று பக்கம் சாதித்தவரும் நீங்கள்தானே? ரெக்ஸம் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்து முற்றத்தில் இருக்கிறது. அவரும் சென்னையில் கவர்னராக இருந்தவர்.

கடலோடி:
முடிந்துபோன கதையை ஏன் கிளறுகிறீர்கள்? அவர் பிறந்தது பாஸ்டனில். அதைத்தான் சொன்னேன்.

பழஞ்சுவடி:
யேலை இழுத்துத் தப்பிக்க வேண்டாம். கூடாரம் ராபர்ட்டா, எட்வர்ட்டா? ஒரே சொல்லில் பதில் போதும்.

கடலோடி:
கிளைவ்.

பழஞ்சுவடி:
எந்தக் கிளைவ்? 1774இல் இறந்தவரா, 1798இல் சென்னைக்கு வந்தவரா?

மேட்டுத்தெரு:
பிளாஸ் மௌரைப் பார்த்தாரா இல்லையா, அதற்கும் இன்னும் பதில் வரவில்லை.