எல்லைப் பனை, எல்லைப் புளி: உங்கள் ஊரில் எது?

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் காட்டு (விளைநிலத்து) ஆவணம் கொச்சி ராஜ்ஜியக் காலத்தது. தேதி 1110 என்று இருக்கும். கொல்லம் ஆண்டு, நம் கணக்கில் 1934-35. சின்ன வயதில் இது தெரியாமல், தொள்ளாயிரம் வருஷத்துப் பத்திரம் வைத்திருக்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றியிருக்கிறேன்.

வீட்டில் பேச்சு தமிழ், ஆவணம் மலையாளம். கிழக்கு அதிர், அதாவது எல்லை, ‘இரட்டைக் கரிம்பன’ (இரட்டைப் பனை) என்று எழுதியிருக்கும். இரண்டு பனைக்கும் நடுவே எல்லை; ஆளுக்கொரு மரம்.

சில வருஷம் முன்னால் எங்கள் பனையில் இடி விழுந்தது. அடுத்த ஆடிக்காற்றில் சாய்ந்தும் போனது. மறுவருஷம் பக்கத்துக் காட்டுக்காரர் கிளுவை வேலி போட்டார், எங்கள் பனை நின்ற இடத்தையும் உள்ளே சேர்த்து. நாலடி அகலம், இருநூறடி நீளம். இரண்டு சென்ட்கூட வராது. அதற்காக ஒரு வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

சர்வேயர் வந்து எல்லைக்கல்லைத் தேடினார். கல் கிடைத்தது, எங்கள் கிணற்றடியில்! பெரியம்மா பல வருஷமாகத் துணி துவைத்துக்கொண்டிருந்த கல். யார் எப்போது பெயர்த்து வந்தார்களோ, அதற்குமேல் எங்கள் பக்கம் பேச வாயில்லை.

கடைசியில் கள் இறக்கும் பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார். (இங்கே மாநில எல்லையையே மரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கள் இறக்கும் பானை, அதாவது முட்டி, கட்டியிருந்தால் கேரளா. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. வேலந்தாவளம் தாண்டினால் மரம் சும்மா நிற்கும்.) “மரம் போனா தூரு எங்க தம்பி போகும்? தோண்டிப் பாருங்க” என்றார். முழங்கால் ஆழத்தில் சல்லிவேர்க் கொத்து, வட்டமாக அப்படியே இருந்தது. பழைய செப்பேடுகளில் எல்லை வகுக்கும்போது ‘கல்லும் கள்ளியும் நாட்டி’ என்று வருமே, கல் போதாதென்று கள்ளி எதற்கு என்பது அந்தக் குழியருகே நின்றபோதுதான் உறைத்தது.

நகரிக்காரன்:
எங்கள் ஊர்ப் பொலிமேரைக்கு (தெலுங்கில் ஊர் எல்லை) புளியமரம். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். ஆனால் கங்கம்மா ஜாத்திரைக்கு எல்லை அந்தப் புளிதான். சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். இப்போது அங்கே சிமெண்ட் கடை. ஊர்வலம் இன்றும் அந்தக் கடை வாசலில்தான் திரும்புகிறது. கடைக்காரர் வெளியூர், முதல் வருஷம் பறைச்சத்தம் கேட்டுப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டார். இப்போது அவரே பூசணிக்காய் வாங்கி வைத்துக் காத்திருக்கிறார். ஆமாம், உங்கள் வேலி என்ன ஆயிற்று?

கொழிஞ்சாம்பாறை:
பிரித்துத் தள்ளிப் போட்டுவிட்டார். குழியை மூடும்முன் அவரே ஒரு பனங்கொட்டையும் போட்டார். ஆண்பனையா பெண்பனையா என்று தெரியவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். நுங்கு யாருக்கு என்ற சண்டையை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.