கிறிஸ்துமஸ் கூட்டத்தை ஈஸ்டருக்கு மாற்றினால் சரிப்பட்டு வருமா?

திண்ணைக்காரி:

குடில், மரம், நட்சத்திரம், கேக், ஆளுக்கொரு பரிசு, அலுவலக விருந்து, பள்ளி நாடகம், இதற்கு நடுவில் வருஷக் கடைசிக் கணக்கு முடிப்பு. அத்தனையும் நாலு வாரத்துக்குள். 25ஆம் தேதி மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு மூலையில் சுருண்டுவிடுகிறோம். ஈஸ்டருக்கு இந்தப் பாடு இல்லை, யாரும் எதையும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆகவே கிறிஸ்துமஸுக்குக் கோயிலும் எளிய சாப்பாடும் போதும், குடும்பம் கூடுவதையும் விடுப்பையும் 2027 ஈஸ்டருக்குத் தள்ளிவிடலாம் என்று யோசனை. மொத்தம் பன்னிரண்டு பேர், அதில் நாலு பேர் சிறுபிள்ளைகள்.

தேதி மாறிக்கொண்டே இருப்பதை எப்படிச் சமாளிப்பது? எந்தக் கிழமையில் கூடுவது? பெரியவர்கள் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது? சொந்தக் கதையைவிட, செய்ய வேண்டியதை நேராகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நாள்காட்டிப்பித்து:

தேதியை நான் சொல்கிறேன். ஈஸ்டர் மார்ச் 22க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25ஐத் தாண்டவும் தாண்டாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 2027 மார்ச் 28, 2028 ஏப்ரல் 16, 2029 ஏப்ரல் 1, 2030 ஏப்ரல் 21. "போன வருஷத்துக்குப் பத்து நாள் முன்னே பின்னே" என்கிற உத்தேசக் கணக்கு இங்கே எடுபடாது. 2027இலிருந்து 2028க்கு 19 நாள் பின்னால் போகிறது, அடுத்த வருஷமே 15 நாள் முன்னால் வந்துவிடுகிறது.

விதி இதுதான்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. இதைத் தெரிந்துகொண்டு, காலண்டரில் பௌர்ணமி பார்த்துத் தாங்களே தேதி குறிப்பவர்கள் சில வருஷம் ஏமாந்துபோவார்கள். திருச்சபை எடுத்துக்கொள்வது வானத்துப் பௌர்ணமியை அல்ல, முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த அட்டவணைப் பௌர்ணமியை. 2019இல் உலக நேரப்படி வானத்தில் பௌர்ணமி மார்ச் 21, அட்டவணையில் மார்ச் 20. அந்த ஒரு நாளில் அந்தப் பௌர்ணமி கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. அடுத்த பௌர்ணமிக்குக் காத்திருந்து ஏப்ரல் 21இல் ஈஸ்டர் வந்தது. எனவே அச்சில் வந்த தேதியையே நம்புங்கள். பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி ஈஸ்டர் கொண்டாடும் ஆர்த்தடாக்ஸ் சபையார் உறவில் இருந்தால் அவர்களுக்கு 2027 ஈஸ்டர் மே 2. 2028இல் இரண்டு தரப்புக்கும் ஏப்ரல் 16தான், அது கூடுவதற்குத் தோதான வருஷம்.

விடுப்புக் கணக்கில் ஈஸ்டருக்கு ஒரு சௌகரியம், அது எப்போதும் ஞாயிறு. கிறிஸ்துமஸ் அப்படியா? 2026இல் வெள்ளி, சரி. 2027இல் சனி, வாரக் கடைசி விழுங்கிவிடும். ஆனால் ஈஸ்டரை ஒட்டிய எந்த நாள் அரசு விடுமுறை என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரேலியாவில் வெள்ளியும் திங்களும், இத்தாலியில் திங்கள் மட்டும், இந்தியாவில் வெள்ளி மட்டும். உறவினர்கள் பல நாட்டில் இருந்தால் "லாங் வீக்எண்டுதானே" என்று நீங்களாக முடிவுகட்டி டிக்கெட் போடச் சொல்லாதீர்கள். 2027 போல ஈஸ்டர் மார்ச்சிலேயே வரும் வருஷத்தில் பிள்ளைகளின் பரீட்சைத் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடற்குழு ஆல்ட்டோ:

"ஈஸ்டருக்கு இந்தப் பாடு இல்லை" என்பதில் பாதிதான் சரி. வீட்டில் பாடு இல்லை, கோயிலில் இருக்கிறது. பாடுபவர், வாசகம் வாசிப்பவர், பீடச் சிறுவர் யாராவது உங்கள் பன்னிரண்டு பேரில் இருந்தால் முதலில் அவர்கள் நேரத்தைக் கேளுங்கள்.

கத்தோலிக்கர் என்றால் பெரிய வியாழன் மாலை, வெள்ளி பிற்பகல், சனி இரவு என்று வரிசையாக மூன்று நாள் வழிபாடு. சனிக்கிழமை பாஸ்கா (ஈஸ்டர்) திருவிழிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்கவேண்டும். புதுத்தீ, பாஸ்கா மெழுகுதிரி, அப்புறம் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள், புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டு. ஏழை மூன்றாகக் குறைக்கலாம், செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் விடவே கூடாது. திருமுழுக்கும் இருந்தால் வீடு திரும்ப நடுராத்திரி. சி.எஸ்.ஐ., லூத்தரன் வீடுகளிலும் விடியற்கால ஆராதனைக்காக மூன்று மூன்றரைக்கே எழுந்துவிடுவார்கள். இரண்டு வகையிலும் ஞாயிறு மத்தியானம் தூக்கம் கண்ணைச் சுற்றும்.

அந்த மத்தியானத்தில் பன்னிரண்டு பேருக்கு விருந்து வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நடுராத்திரி வந்து படுத்தவர் காலை ஆறு மணிக்கு அடுப்பு பற்ற வைக்கவேண்டும் என்றால் அது கிறிஸ்துமஸேதான், பெயர்தான் வேறு. ஞாயிறு தூங்குவதற்கு. (திருவிழிப்புக்குப் போனவர்களுக்கு அதுவே ஞாயிறு கடன் திருப்பலி; காலையில் மறுபடி போகவேண்டிய கட்டாயம் இல்லை.) கூடுவது திங்கள், 2027இல் மார்ச் 29. திங்கள் விடுமுறை இல்லாதவர்களுக்கு அதையடுத்த சனிக்கிழமை, ஏப்ரல் 3.

"அதற்குள் ஈஸ்டர் முடிந்துவிடுமே" என்று யாராவது சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். ஈஸ்டரிலிருந்து எட்டு நாளும் பெருவிழாதான். பாஸ்கா காலம் ஐம்பது நாள், மே 16 பெந்தெகொஸ்தே திருநாள் வரை போகிறது. கிறிஸ்துமஸ் ஏன் நெருக்குகிறது, ஈஸ்டர் ஏன் நெருக்குவதில்லை என்பதற்கும் காரணம் இங்கேதான். தவக்காலத்தில் விருந்து வைக்க எல்லாரும் தயங்குவார்கள், அதனால் ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களில் அழைப்பிதழ்கள் வந்து குவிவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலமும் அப்படி ஒரு காத்திருப்புக் காலமாகத்தான் இருக்கவேண்டும், ஆனால் அதைப் பார்ட்டிகள் எப்போதோ தின்றுவிட்டன. ஈஸ்டருக்குப் பின்னால் வரும் ஏழு வாரமும் எல்லார் டைரியிலும் காலி. அதைப் பயன்படுத்துவார் யாரும் இல்லை.

திண்ணைக்காரி:

திங்கள்தான் சரி என்று படுகிறது. இருவர் பெரிய வெள்ளியன்றே வந்து இறங்குவதாகச் சொல்கிறார்கள். அவர்களை எப்படிக் கவனிப்பது?

பாடற்குழு ஆல்ட்டோ:

முடிந்தால் ஞாயிறு பிற்பகல் வரச் சொல்லுங்கள். வெள்ளிதான் என்றால், அன்று கத்தோலிக்கருக்கு ஒருசந்தியும் உண்டு, சுத்தபோசனமும் (இறைச்சி தவிர்ப்பதும்) உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 18 வயதிலிருந்து 59 நிறையும்வரை ஒருசந்தி: ஒருவேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளை கொஞ்சம். 14 வயதிலிருந்தே இறைச்சி கிடையாது. நோயாளி, கர்ப்பிணிக்கு இந்தக் கட்டு இல்லை. வந்தவரை விருந்தாளியாக நினைக்காமல் வீட்டாளாக நினைத்தால் கஞ்சி போதும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுக்களை அளவு:

பிள்ளைகளுக்கு முட்டைச் சாயம் வையுங்கள். மரம் ஜோடிப்பதில் பாதி நேரம்கூட ஆகாது, செலவும் கிடையாது. ஆளுக்கு ஆறு வீதம் 24 முட்டை.

முட்டையை ஒரு வாரம் முன்பே வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். புத்தம்புது முட்டையை அவித்தால் ஓடு உரியாது, வெள்ளைக்கருவையும் பிய்த்துக்கொண்டு வரும். நாள் ஆக ஆக உள்ளிருக்கும் கரியமில வாயு ஓட்டின் துளை வழியே வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும். அப்போது சவ்வு பிடிவிடும். முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அகலப் பாத்திரத்தில் வைத்து, மேலே ஓர் அங்குலம் நிற்கும்படி தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். தளதளவென்று வந்ததும் அடுப்பை அணைத்து, மூடி, 12 நிமிஷம். உடனே ஐஸ் தண்ணீருக்கு மாற்றவேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பல்பட்டு விட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல்பச்சை வளையம் விழும். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்வதால் வருவது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் சகிக்காது.

சாயத்துக்கு: அரைக் கோப்பை சுடுதண்ணீர், ஒரு டீஸ்பூன் வினிகர், 10 முதல் 20 சொட்டு உணவு நிறம். ஐந்து நிமிஷம் ஊறினால் போதும். வினிகர் ஓட்டின் சுண்ணாம்பை லேசாக அரித்தால்தான் நிறம் பிடிக்கும். அதற்காக அரைமணி போட்டுவைத்தால் மேல்படலம் கரைந்து, தொட்ட இடமெல்லாம் நிறம் உரிந்து வரும். திட்டுத் திட்டாக வந்தால் குற்றம் சாயத்தில் இல்லை, விரல் எண்ணெயில். முக்குவதற்கு முன் வினிகர் தொட்ட துணியால் ஒருதரம் துடைத்துவிடுங்கள். பாக்கெட் நிறம் வேண்டாம் என்றால் வெங்காயச் சருகைக் கொதிக்கவைத்த நீர் செம்பழுப்பு தரும், மஞ்சள்தூள் மஞ்சள் தரும், சிவப்பு முட்டைக்கோஸ் நீர் நீலம் தரும். கடைசியதற்கு ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறவேண்டும், பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள்.

அவித்த முட்டை வெளியே இரண்டு மணி நேரம்தான். அப்புறம் குளிர்பெட்டி, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். எனவே ஒளித்துவைத்துத் தேடும் விளையாட்டுக்கு இதை எடுக்காதீர்கள். அதற்குத் தாள் சுற்றிய சாக்லேட் முட்டை. எத்தனை ஒளித்தோம், எங்கெங்கே என்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் ஜூனில் எறும்பு வந்து காட்டிக்கொடுக்கும். கொக்கோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே, 34 டிகிரி வாக்கில் உருகிவிடும், ஜன்னலோரம் வைக்காதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் சாக்லேட்டை வீட்டுக்குள்ளும் தரைமட்டத்தில் ஒளிக்கக்கூடாது, நாய்க்கு அது விஷம். அதேபோல ஈஸ்டருக்கு வாங்கும் வெள்ளை லில்லிப்பூ. அதன் மகரந்தம் பட்ட மயிரை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். பூனை வீட்டுக்கு வேறு பூ.

குறுக்குசால்:

எல்லாம் சரி, பரிசு விஷயத்தை ஒருவரும் தொடவில்லையே. கூட்டத்தை மாற்றினால் பரிசும் தானாகப் பின்னாலேயே வரும். "கிறிஸ்துமஸுக்குத்தான் கொடுக்கவில்லை, இப்போதாவது" என்று ஒருவர் பை நிறையக் கொண்டுவந்தால் போதும், மற்ற பதினொரு பேரும் வெறுங்கையோடு நெளிவார்கள். அடுத்த வருஷம் பன்னிரண்டு பையும் வந்துவிடும். ஆகவே அழைக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடவேண்டும். "சும்மா வாங்க" என்று வாயால் சொன்னால் நம் ஆட்கள் அதை உபசாரமாக எடுத்துக்கொள்வார்கள்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். கேக், துணிமணி, டிக்கெட் எதையும் யாரும் வாங்குவதற்கு முன், அக்டோபரிலேயே. டிசம்பர் 10இல் சொன்னால் அது கோபித்துக்கொண்டு ஒதுங்குவது போலத் தெரியும். வயதில் மூத்தவரிடம் முதலில் போனில் பேசுங்கள், பிறகே குழுவில் போடுங்கள். அவர் குழுவில் படித்துத் தெரிந்துகொண்டால் காரியம் கெட்டது. "வரமாட்டோம்" என்று தொடங்காமல் "வாங்க" என்று தொடங்குங்கள். இப்படி:

"அத்தை, வர்ற ஈஸ்டருக்கு நீங்களும் மாமாவும் நம்ம வீட்டுக்கு வரணும். மார்ச் 29 திங்கக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறோம். கிறிஸ்துமஸுக்கு நாங்க கோயிலுக்குப் போயிட்டு வீட்லயே இருக்கோம், அன்னைக்கு சாயங்காலம் போன் பண்றேன். யாரும் பரிசு கொண்டுவர வேணாம், பிள்ளைங்களுக்கும் வேணாம். ஆளுக்கு ஒரு பதார்த்தம், நீங்க என்னன்னு நீங்களே சொல்லுங்க."

பதார்த்தத்தை அவர்களே சொல்லட்டும் என்று விடுவதில் காரணம் இருக்கிறது. கொண்டுவர ஏதாவது ஒன்று இருந்தால் பரிசு வாங்கும் கை தானாக அடங்கும்.

கிறிஸ்துமஸைத் துடைத்துவிடவும் வேண்டாம். டிசம்பரில் தவறவிட்ட சந்திப்பு ஒன்றிரண்டு இருந்தால் ஜனவரி 6, மூவரசர் திருநாள் வரை இடம் இருக்கிறது. குடிலையும் அதுவரை கலைக்கவேண்டியதில்லை.

நாள்காட்டிப்பித்து:

ஒன்று விட்டுப்போச்சு. உறவினர் யாராவது ஐரோப்பாவில் இருந்தால்: அங்கே மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். 2027இல் அது ஈஸ்டர் ஞாயிறேதான். திருவிழிப்பு முடிந்து வருபவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் போச்சு, விடியற்கால ஆராதனைக்குப் போகிறவர் சுவர்க் கடிகாரத்தை நம்பினால் கடைசிப் பாட்டுக்குத்தான் போய்ச் சேருவார். போன் தானே மாறிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தைச் சனி சாயங்காலமே திருப்பி வைத்துவிடச் சொல்லுங்கள். வீடியோ அழைப்புக்கு நேரம் குறித்திருந்தால் அதையும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.